தகரக் கொட்டகைப் பட்டறைக்கு எந்த ஹீட்டர்?

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். கம்பம் நட்டுத் தகரம் அடித்த கொட்டகை, உள்ளே என் தச்சுப் பட்டறை. வெளியே உறைநிலைக்கும் கீழே குளிர். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் ஒன்றைச் சிலிண்டரில் மாட்டிப் பற்றவைத்தேன். அரை மணி நேரத்தில் விரல் விறைப்பு விட்டது. இவ்வளவுதானே என்று நினைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டேபிள் சாவின் (மேசை ரம்பத்தின்) வார்ப்பிரும்பு மேசையில் சொட்டு விழுந்த இடமெல்லாம் காசு அகலத்துக்குத் துரு.

கூரை ஒழுகவில்லை. தண்ணீர் வந்ததே ஹீட்டரிலிருந்துதான். சிலிண்டரில் இருந்த கேஸ் புரோப்பேன்; அது 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் அதை அப்படியே உள்ளே விடுகிறது. ராத்திரி குளிர்ந்த தகரத்தில் பட்டு அது தண்ணீராகிவிடுகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பயம் வேறு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த ஹீட்டரை அன்றோடு மூட்டை கட்டினேன்.

அதனால் ஹீட்டர் பார்க்கக் கிளம்புமுன் கொட்டகையைப் பாருங்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 9 மீட்டருக்கு 12 மீட்டர், உயரம் 3.6 மீட்டர் என்று வையுங்கள். சுவரும் மேற்கூரையும் சேர்ந்து சுமார் 260 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 10, உள்ளே 15 டிகிரி வேண்டும், அதாவது 25 டிகிரி வித்தியாசம். வெறும் தகரம், ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மீட்டருக்கு 6 வாட் போல வெளியே விட்டுவிடும். 260 × 6 × 25 போட்டால் 39 கிலோவாட். இடுக்குகளில் புகும் காற்றையும் சேர்த்தால் 50-ஐத் தொடும். அதே கொட்டகைக்கு நல்ல இன்சுலேஷன் (சூட்டை வெளியே விடாத பஞ்சு மாதிரியான உறை) கொடுத்து அந்த 6-ஐ 0.4 ஆக்கினால், சுவரிலும் கூரையிலும் போவது வெறும் 2.6 கிலோவாட். கதவு, தரையோரம், உள்ளே வரும் காற்று எல்லாம் சேர்த்தும் 7, 8-க்குள் அடங்கிவிடும். ஹீட்டர்களில் பி.டி.யு. என்ற வெப்ப அளவில் கணக்கு போட்டிருந்தால், 1 கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு.

இன்சுலேஷன் போடும்போது அறைப் பக்கம் ஈரம் புகாத ஷீட் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளே புகுந்து, பஞ்சுக்குப் பின்னால் தகரத்தில் ஒளிந்து சொட்டும். பெரிய கதவின் அடியில் உள்ள ரப்பரையும் மறக்க வேண்டாம். என் கதவின் கீழே கை நுழையும் இடைவெளி இருந்தது.

அடுத்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உள்ளே இருப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டாலே பாதி ஹீட்டர்கள் கழிந்துவிடும்.

குளிர்காலம் முழுக்கத் தினமும் வேலை, தளமும் இன்னும் போடவில்லை என்றால், தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டும் முறைக்கு ஈடு இல்லை. மல்லாந்து படுத்து டிராக்டருக்கு அடியில் வேலை பார்ப்பவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சிமென்ட் சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை மட்டும் வருகிறவருக்கு, தரை சூடாகும்போது வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். தளத்துக்கு அடியிலும் ஓரத்திலும் இன்சுலேஷன் இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கான்கிரீட் கொட்டுமுன் குழாய் போகும் வழியை அளவு நாடாவோடு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் மெஷினுக்கு போல்ட் அடிக்கத் துளை போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

கூரை உயரம், கதவையும் அடிக்கடி திறக்க வேண்டும் என்றால், மேலே தொங்கும் கதிர்வீச்சுக் குழாய் ஹீட்டர் நல்லது. அது காற்றைவிடத் தரையையும் மெஷினையும் ஆளையும் சூடாக்குகிறது. கதவைத் திறந்து காற்றெல்லாம் போனாலும் இரும்பில் சூடு தங்கும். அதன் கீழே பலகை அடுக்கக் கூடாது. எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும்.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் தலைகீழாக ஓட்டுவது. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் சூடு கிடைக்கும், குளிர் ஏற ஏற அது குறையும். மரத்தூள் ஃபில்டரை அடைக்கும் என்பதால் வாரா வாரம் கழற்றித் தட்ட வேண்டும். சாதாரண மின்சார ஹீட்டர் சின்ன அறைக்குச் சரி, அவ்வளவுதான்.

‘விறகு சும்மாதானே கிடக்கிறது, அடுப்பு போடுங்கள் மாமா’ என்றார் மச்சினர். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நெருப்பு பிடித்து அறை சூடாக ஒரு மணி நேரம், கிளம்பும்போது தணல் அணைந்ததா என்ற கவலை, புகைபோக்கியில் படியும் தார், சுற்றிலும் மரத்தூள். அதுவும் போக, காப்பீடு கொடுப்பவர் இதற்குச் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

நான் கடைசியில் போட்டது, கூரையோரம் தொங்கும் மூடிய எரிப்பு கேஸ் ஹீட்டர். எரியத் தேவையான காற்றை ஒரு குழாய் வெளியிலிருந்து எடுக்கிறது, புகை இன்னொரு குழாய் வழியே வெளியே போகிறது. பட்டறைக் காற்று சுடரைத் தொடுவதே இல்லை. தூளும் தின்னர் வாடையும் உள்ள இடத்துக்கு இதுதான் என் ஓட்டு. அதற்காக வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கும்போது ஓடவிடலாம் என்று அர்த்தமில்லை, அப்போது அணைத்துவிடுவேன். பெட்ரோல் ஆவி தரையோரம் தேங்கும், அதனால் வண்டி நிற்கும் கொட்டகையில் தீப்பொறி வரும் எதையும் தரைமட்டத்தில் வைக்கக் கூடாது.

ஆள் இல்லாதபோது 7 டிகிரி, வேலை நாளில் 15. முழுக்க அணைப்பதில்லை. உறைந்து கிடந்த இரும்பின் மேல் திடீரென்று சூடான காற்று பட்டால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி வியர்க்கும். அப்புறம் பசை. 10 டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை காய்ந்தால், சுண்ணாம்பு பூசியது போலப் பொடிந்து போய் மூட்டு கையோடு வந்துவிடும். மேலே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக் கூரையில் தேங்கிய சூட்டைக் கீழே தள்ளுகிறது. கதவுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. மாதம் ஒரு தடவை அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன்.