சென்னை–சிங்கப்பூர் விமானம்: தூரத்திலும் நேரத்திலும் தப்பாகும் கணக்குகள்

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு வான்வழியில் ஏறக்குறைய 2,920 கி.மீ. அதை 900-ஆல் வகுத்து, "மூன்றேகால் மணி நேரம்தானே!" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மணிக்கு 900 கி.மீ. என்பது 35,000 அடி உயரத்தில் சீராகப் பறக்கும்போது கிடைக்கும் வேகம். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது சுமார் 460 கி.மீ. வேகத்தைத் தாண்ட விடமாட்டார்கள். போதாததற்கு, டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து தொடங்குவதில்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல், மறுமுனையில் போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, வரிசையில் காத்திருப்பது, சாங்கி அருகே இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் சேர்ந்துதான் நாலேகால், நாலரை மணி நேரம் ஆகிறது.

அதிகம் பேர் சறுக்குவது கடிகாரத்தில். டிக்கெட்டில் புறப்பாடு சென்னை நேரம், வருகை சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட 2.30 மணி முன்னால். இரவு 11.00-க்குக் கிளம்பி காலை 5.45-க்கு இறங்கும் விமானத்தை 6.45 மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடுகிறார்கள். சிலர் 2.30-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டி, ஒன்பதேகால் என்று மலைக்கிறார்கள்! முதலில் இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். சிங்கப்பூரில் 5.45 என்றால் சென்னையில் 3.15, 11.00-லிருந்து எண்ணினால் நாலேகால் மணி நேரம். திரும்பி வரும்போது இரவு 8.00 – 9.45 என்று இருக்கும். ஒன்றேமுக்கால் மணியில் வந்துவிடுவதில்லை. அதுவும் அதே நாலேகால்தான்.

நள்ளிரவு விமானம் இன்னும் மோசம். 15-ஆம் தேதி 00.30 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நிற்பவர்களுக்கு விமானம் முந்தைய இரவே போயிருக்கும்.

தூரத்தை 1,580 மைல் என்று எங்காவது பார்த்தால், அது கடல் மைல். 1.852-ஆல் பெருக்க வேண்டும். சாதாரண மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 380 கி.மீ. காணாமல் போகும்.

போக ஆகும் நேரமே வரவும் ஆகும் என்பது இந்தத் தடத்தில் பெரும்பாலும் சரி. நிலநடுக்கோட்டுக்கு அருகே விமானம் பறக்கும் உயரத்தில் பலத்த காற்று குறைவு. டெல்லி–டோக்கியோவுக்கு இது பொருந்தாது. அங்கே அந்த உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து நிற்கும். குளிர்காலத்தில் திரும்பும் பயணம் இரண்டு மணி நேரம் வரைகூட நீளும்.

பாங்காக் வழியாக மாறிப் போகிறவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. அங்கே சுவர்ணபூமி, டான் முயாங் என்று இரண்டு விமான நிலையங்கள். தனித்தனி டிக்கெட் எடுத்து ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதானால், குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, நெரிசலில் 40 கி.மீ.க்கு மேல் சாலையில் போக வேண்டும். மூன்று மணி நேர இடைவெளி அதற்குப் போதாது.