பகுதிப் பின்னமாகப் பிரித்துத் தொகையிடுதல்

தொகையிட வேண்டிய பின்னத்தைக் கண்டதும் அதைப் பகுதிப் பின்னங்களாக, அதாவது எளிய பின்னங்களின் கூட்டலாக, பிரிக்கப் பாயாதீர்கள். தொகுதியின் படி (எக்ஸின் மிக உயர்ந்த அடுக்கு) பகுதியின் படியைவிடக் குறைவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீள் வகுத்தல் செய்தே ஆக வேண்டும். இதைத் தாண்டிப்போய் நான் மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

(5எக்ஸ் + 1) / ((எக்ஸ் − 1)(எக்ஸ் + 2)) என்பதை எடுத்துக்கொள்வோம். இது ஏ/(எக்ஸ் − 1) + பி/(எக்ஸ் + 2) எனப் பிரியும். ஏ-யைக் காண, பகுதியில் உள்ள (எக்ஸ் − 1)-ஐ விரலால் மறைத்துவிட்டு, மிஞ்சியதில் எக்ஸ் = 1 என்று போடுங்கள்: 6/3 = 2. அப்படியே (எக்ஸ் + 2)-ஐ மறைத்து எக்ஸ் = −2 போட்டால், −9/−3 = 3. எழுதியதைச் சரிபார்க்க எக்ஸ் = 0 போடுவது என் வழக்கம்; இரு பக்கமும் −1/2 வருகிறது.

இரு பின்னங்களையும் தனித்தனியே தொகையிட்டால் விடை: 2 மடக்கை |எக்ஸ் − 1| + 3 மடக்கை |எக்ஸ் + 2| + மாறிலி. இங்கே மடக்கையின் அடி ஈ (e) என்னும் எண், ஏறத்தாழ 2.718.

(எக்ஸ் − 1)² போல ஒரு காரணி இருமுறை வந்தால், விரல் மறைப்பு உயர்ந்த படிக்கு மட்டுமே நேரடியாகப் பலிக்கும். மற்றதற்கு இரு பக்கமும் எக்ஸின் ஒவ்வோர் அடுக்கோடும் பெருகி நிற்கும் எண்களை, அதாவது கெழுக்களை, ஒப்பிடுங்கள்.