ஸ்லைடுக்குப் பின்னால் ஒளியும் பேச்சாளர்: மேடையிலும் திரையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்கு இரண்டு மேடைகள் வாய்க்கின்றன. வெளிவட்டச் சாலையிலோ ஒயிட்ஃபீல்டிலோ உள்ள அலுவலகத்தின் கூட்ட அறை ஒன்று. அங்கே கன்னடர், தெலுங்கர், மலையாளி, வடஇந்தியர் என எல்லோரும் அமர்ந்திருக்க, பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். குடியிருப்பு வளாகத்தின் பொங்கல் விழாவோ, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் இலக்கிய வட்டமோ மற்றொன்று; அங்கே பேச்சு தமிழில் நடக்கும், இப்போதெல்லாம் புரொஜெக்டரும் இருக்கும். இரண்டிலும் பேசியும், அலுவலகத்தில் இளைய பொறியாளர்களின் ஒத்திகைகளைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டும் வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது: திரையில் தெரியும் தவறுகளுள் பெரும்பாலானவற்றின் வேர் பேசுகிறவரின் அச்சத்தில் இருக்கிறது. மறந்துவிடுவோமோ என்று அஞ்சி, சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்லைடில் எழுதுகிறார். எழுதியதால் திரையைத் திரும்பிப் பார்த்துப் படிக்கிறார். படிப்பதால் கேட்பவர்களின் முகம் அவருக்குத் தெரிவதில்லை. முகம் தெரியாததால் அவர்களுக்குப் புரிகிறதா, சலிக்கிறதா என்ற ஐயம் எழுந்து, முதலில் இருந்த அச்சம் இரண்டு மடங்காகிறது.

ஆகவே, பேசப்போகும் வாக்கியங்களையே திரையில் இடுவதைத்தான் முதன்மையான தவறாகச் சொல்வேன். எழுத்து தோன்றிய நொடியிலேயே கண் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். மௌனமாகப் படிக்கும் வேகம் வாய்விட்டுப் பேசும் வேகத்தைவிட அதிகம் என்பதால், நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர்கள் கடைசி வரியையும் முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்திருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய சோதனைகளில், படத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கவுரையைக் காதால் மட்டும் கேட்டவர்கள், அதே உரையைத் திரையில் எழுத்தாகவும் பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். பேச்சு நடக்கும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்கள் நிறைந்த பெங்களூர்க் கூட்ட அறையில், முக்கியமான சில கலைச்சொற்களைத் திரையில் காட்டுவது அவர்களுக்கு உதவும். அதைச் சாக்காக வைத்து முழுப் பத்தியையும் ஏற்றிவிடக் கூடாது.

அச்சம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் அலுவலகங்கள் தப்பித்துக்கொள்ளும். கூட்டம் முடிந்ததும் அந்த ஸ்லைடுத் தொகுப்பை அனுப்பிவிடுங்கள் என்று மேலாளர் கேட்பார். கூட்டத்துக்கு வராதவரும் அதைப் படித்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஒரே கோப்பு திரையாகவும் அறிக்கையாகவும் இருக்க வேண்டிய கட்டாயத்தில், அது இரண்டுக்கும் உதவாததாக ஆகிறது. இந்தப் பழக்கம் எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்லும் என்பதற்கு 2003-ஆம் ஆண்டின் கொலம்பியா விண்வெளி ஓட விபத்து தொடர்பான ஆவணங்களில் ஒரு சான்று உண்டு. ஜனவரி 16 அன்று ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருந்தபோதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் ஸ்லைடுகள் வழியாக நாசாவுக்கு விளக்கினார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு நம்பிக்கை ஊட்டும் தொனியில் இருந்தது. ஆனால் மோதிய துண்டு, கையிலிருந்த சோதனைத் தரவுக்கு அடிப்படையான துண்டைவிட 600 மடங்குக்கும் மேல் பெரியது என்ற செய்தி, உள்தள்ளி உள்தள்ளிச் சென்ற புள்ளிகளின் அடியில், கடைசி வரிகளுள் ஒன்றாகக் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும், அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த ஸ்லைடை எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடு உட்கார்ந்துகொண்ட வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவோம். நீங்கள் சொல்வது, திரையில் காட்டுவது, பிறகு படிக்கக் கொடுப்பது ஆகிய மூன்றையும் மூன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவற்றின் குறிப்புகளை பவர்பாயிண்டில் ஸ்லைடுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் எழுதலாம். பிரசென்டர் வியூவை இயக்கினால் அவை உங்கள் லேப்டாப்பில் மட்டும் தெரியும். படிக்கக் கொடுப்பதற்கு இரண்டு பக்க அறிக்கை போதும். திரைக்கு எஞ்சுவது ஒரு வரைபடம், ஒரு படம், அல்லது ஒரே ஒரு எண். தலைப்பை ‘மூன்றாம் காலாண்டு நிலவரம்’ என்று போடுவதற்குப் பதிலாக, ‘வாடிக்கையாளர் புகார்கள் பாதியாகக் குறைந்தன’ என்று கண்டறிந்ததையே வாக்கியமாகப் போட்டால், ஐந்து நிமிடம் தாமதமாக வருபவருக்கும் செய்தி போய்ச் சேரும். அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அந்த ஸ்லைடில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு அதை நீக்கிவிடலாம்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் காட்சியளிக்கும். விழா மேடையில், விருந்தினர் முன்னிலையில் அதைக் கண்ட அனுபவம் எனக்கு உண்டு. அன்று நான் செய்திருந்த 20 ஸ்லைடுகளில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்துச் சென்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் எழுத்தளவு தமிழுக்குப் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘ணை’, ‘ஞூ’ போன்றவற்றின் சுழிகள் பின்வரிசையிலிருந்து பார்ப்பவருக்குக் கரும்புள்ளியாகத்தான் தெரியும். 28 புள்ளிக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

இனி, பேச்சுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பேச்சுப் போட்டி ஒரு நல்ல தொடக்கத்தையும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே தந்திருக்கிறது. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து, குரலை உயர்த்தி ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள், முப்பது வயதிலும் பேச்சு என்றால் ஒப்பித்தல் என்றே நினைக்கிறார்கள். மனப்பாடம் சங்கிலியைப் போன்றது. நடுவில் ஒரு கண்ணி விட்டால் அடுத்ததைப் பிடிக்க வழியில்லை. முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனத்தில் வைத்துக்கொண்டு, இடைப்பட்டதை எந்த வரிசையில் சொல்லப்போகிறோம் என்பதை மட்டும் பழகிக்கொள்வதே பாதுகாப்பானது. ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டு, ஸ்லைடை மாற்றும் கிளிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மெட்ரோவில் உட்கார்ந்து ஸ்லைடுகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதை ஒத்திகை என்று சொல்ல முடியாது.

தமிழ் மேடைக்கே உரிய இன்னொரு தவறு, விளித்தல். தலைவர் தொடங்கி மைக் அமைத்துக் கொடுத்தவர் வரை ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிப்பதற்குள், ஒதுக்கப்பட்ட பத்து நிமிடத்தில் மூன்று போய்விடும். கேட்பவர்கள் மிகக் கூர்ந்து கவனிக்கும் தொடக்க நேரத்தை இப்படிச் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. அவைக்கு ஒரே வணக்கம் சொல்லிவிட்டுப் பொருளுக்குள் நுழைந்ததற்காக யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. அலுவலக மேடையில் இதே இடத்தைப் பிடித்துக்கொள்வது மன்னிப்பு. என் ஆங்கிலம் அவ்வளவாகச் சரியில்லை, தயாரிக்க நேரம் கிடைக்கவில்லை, கொஞ்சம் பதற்றமாக இருக்கிறேன் என்றெல்லாம் சொல்லித் தொடங்குபவர், அதுவரை அவற்றைக் கவனித்திராதவர்களையும் கவனிக்கச் செய்கிறார். (பெங்களூரில் நான் பேசினால் முதல் வாக்கியத்தைக் கன்னடத்தில் சொல்லிவிடுவேன்; உச்சரிப்பு பிசகினாலும் அறை இளகிவிடும், என் படபடப்பும் குறையும்.)

நம் பதற்றம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைப்பதே பெரும்பாலும் மயக்கம்தான். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளர்கள் தாங்கள் பதற்றமாகத் தெரிந்ததாக மதிப்பிட்ட அளவு, பார்த்தவர்கள் மதிப்பிட்டதைவிட அதிகமாக இருந்தது. அதைவிடப் பயனுள்ள செய்தி, இந்த மயக்கத்தைப் பற்றி முன்கூட்டியே கேள்விப்பட்டவர்கள் நன்றாகவே பேசினார்கள் என்பது. உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது மூன்றாவது வரிசைக்குக் கேட்பதில்லை. நடுங்கும் கை மட்டும் தெரியும். ஆகவே தாளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் என்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்வதை நம்பித் தமிழ் உரை எழுதினால் நேரம் கண்டிப்பாக மீறும், ஏனென்றால் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது நமக்கு ஒரே சொல். என் பேச்சைப் பதிவு செய்து எண்ணியபோது நிமிடத்துக்கு நூறு சொற்களைக்கூட எட்டவில்லை. நேரம் போதாமல் போனால் வேகத்தைக் கூட்டி எல்லா ஸ்லைடுகளையும் ஓடவிடுவது, கேட்பவர்களுக்கு எதையோ மறைப்பது போலத் தோன்றும். எதை விடலாம் என்று முன்பே குறித்துவைத்து, அடுத்துக் காட்ட வேண்டிய ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் அந்த ஸ்லைடுக்கு நேராகப் போய்விடலாம். பேச்சில் முக்கியமான இடம் வரும்போது ஆங்கில ‘B’ விசையைத் தட்டினால் திரை கறுத்துவிடும். எல்லாக் கண்களும் உங்கள் பக்கம் திரும்பும். பலரும் அஞ்சுவது இதற்குத்தான் என்றாலும், திரையின் துணை இல்லாமல் இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தைரியம் வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து வர வேண்டியவர் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதால் பயனில்லை, ஒரு மணி நேரம் வேண்டும். புரொஜெக்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை இல்லாத மெல்லிய லேப்டாப் வைத்திருப்பவர் அதற்கான அடாப்டரைத் தானே கொண்டுவர வேண்டும். இணையம் இருக்கும் என்று நம்பி வீடியோவையோ டெமோவையோ வைக்காமல், அதைக் கணினியில் பதிந்து கொண்டுவர வேண்டும்.

கடைசி ஸ்லைடில் ‘நன்றி’ என்றோ ‘கேள்விகள்?’ என்றோ பெரிய எழுத்தில் போட்டு, பூங்கொத்துப் படமும் வைத்துவிட்டுக் கேள்வி நேரத்துக்குப் போய்விடுகிறோம். கேள்வி நேரம் பதினைந்து நிமிடம் நீண்டால், அன்று மிக அதிக நேரம் திரையில் இருந்தது அந்தப் பூங்கொத்துதான். நன்றியை வாயால் சொல்லிவிட்டு, எந்த முடிவை அவர்கள் எடுக்க வேண்டும் என்று வந்தீர்களோ அதற்கு ஆதாரமான வரைபடத்தை அங்கே நிறுத்தி வையுங்கள். கேள்விகளும் அதைச் சுற்றியே வரும்.