அறபு கற்க நூலும் ஒலிப்பதிவும் தேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த நூலை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னர், எந்த அறபைக் கற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் அறபு கற்க முன்வருவோரில் குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓத விரும்புவோரும், க.பொ.த. பரீட்சைக்கு அதனை ஒரு பாடமாக எடுப்போரும், கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் புறப்படுவோரும் உளர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே நூல் பொருந்தாது. 'என்ன' என்று கேட்க எழுத்து வழக்கில் 'மாதா' என்பர்; எகிப்தியப் பேச்சில் அது 'ஏ', லெபனானில் 'ஷூ', சவூதியின் பல பகுதிகளில் 'எய்ஷ்'. ஆகவே வளைகுடாவுக்குப் போகிறவர் எகிப்திய நாடகங்களைப் பார்த்துப் பேச்சுப் பழகுவதும், பரீட்சைக்குப் படிப்பவர் பேச்சுவழக்குச் செயலியை நம்பியிருப்பதும் வீண் உழைப்பாகும். பரீட்சை மாணவர் தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் கடந்தகால வினாத்தாள்களையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஒத்துவரும் துணைநூலைத் தேடுவதே முறை.

நம்மவரை மிகவும் பின்னடையச் செய்யும் தவறு, அறபைத் தமிழ் எழுத்திலேயே வாசிக்கத் தரும் நூலைத் தேர்ந்தெடுப்பதாகும். இதயத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழில் 'கல்ப்' என்றே எழுதப்படும். ஆனால் முதற்சொல்லின் தொடக்க ஒலி அடிநாக்கு உள்நாக்கைத் தொடுவதால் எழுவது, மற்றையது நமது ககரம். 'எழுதினான்' என்னும் வினையைக் 'கதப' என்று எழுதினால் தகரம் மெலிந்து ஒலிக்கும். அதனைத் தவிர்க்கக் 'கத்தப' என்று எழுதினாலோ 'எழுதச் செய்தான்' என்னும் வேறு வினையாகிவிடும். நாம் ரமழான் என்றும் தமிழ்நாட்டார் ரமலான் என்றும் எழுதுவதும், தமிழில் இல்லாத ஓர் எழுத்துக்கு ஆளுக்கொரு வழி கண்டதனால்தான். குறில் நெடிலையும் இரட்டிக்கும் மெய்யையும் தாய்மொழியிலேயே பிரித்துக் கேட்டுப் பழகிய செவி நமக்கு உண்டு. அறபுக்கு அது பெரும் பலம். அந்தப் பலம் பயன்பட வேண்டுமானால் 28 எழுத்துகளையும் தொடக்கத்திலேயே கற்றுவிட வேண்டும். தமிழை விளக்கத்துக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளலாம்.

உயிர்க்குறிகளான ஹரகத் இல்லாத நூலைத் தொடக்கத்தில் வாங்குவதும் தவறே. அறபுப் பத்திரிகைகள் அவற்றை இடுவதில்லை. மொழி தெரிந்தவர் இடம் பார்த்து நிரப்பிக்கொள்வார், புதியவரால் அது இயலாது. அதே வேளை, இறுதிப் பாடம் வரைக்கும் எல்லாக் குறிகளையும் இட்டே செல்லும் நூலும் மாணவரைப் பத்திரிகை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுபோகாது.

கொழும்பிலிருந்து நூலை எடுப்பிக்கச் செலவாகும் என்று போட்டோக்கொப்பியையோ மங்கலாக வருடப்பட்ட கோப்பையோ நம்புவோர், ஒரு பக்கத்தைக் கூர்ந்து பார்க்கட்டும். ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளி இருந்தால் 'பா', மேலே இரண்டு இருந்தால் 'தா', மூன்று இருந்தால் 'ஸா'. பிரதியில் புள்ளி மறைந்தால் எழுத்தே மாறிவிடும்.

ஒலிப்பதிவு நூலின் பாடத்தோடு வரிக்கு வரி பொருந்த வேண்டும். இறுவட்டுடன் வெளிவந்த பழைய நூலை வாங்குவோர், அதே ஒலியைக் கைப்பேசியில் தரவிறக்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. படத்துக்குச் சொல்லைப் பொருத்தும் செயலிகள் சொல்வளத்துக்கு உதவும். வாக்கியம் அமைக்கக் கற்பிக்கும் நூலின் இடத்தை அவை நிரப்பமாட்டா. அறபை அறபு வழியாகவே கற்பிக்கும் நூல்கள் உஸ்தாத் (ஆசிரியர்) ஒருவர் அருகிலிருக்கும் வகுப்புக்கு மிகச் சிறந்தவை. தனியே படிப்பவர் தமிழ் விளக்கமும் பயிற்சிகளுக்கான விடைகளும் உள்ளதையே எடுக்க வேண்டும்.

அகராதியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மரபான அறபு அகராதிகள் வேரெழுத்துகளின், அதாவது சொல்லுக்கு அடிப்படையான மெய்யெழுத்துகளின், வரிசையில் அமைந்தவை. 'மக்தபா' என்னும் நூலகத்தை 'மீம்' எழுத்தில் தேடினால் கிடைக்காது, 'எழுதினான்' என்பதற்குரிய வேரின் கீழேயே அது இருக்கும். வேரைப் பிரித்தறியப் பழகும்வரை பாடநூலின் பின்னுள்ள சொற்பட்டியலே போதுமானது.