பேஜர் டிரான்ஸ்மிட்டரை ஹாம் ரிப்பீட்டராக மாற்றும் முறை

பேஜர் சேவைகள் ஓய்ந்தபின் கழித்துக்கட்டப்பட்ட டிரான்ஸ்மிட்டர்கள், இரவு பகலாக முழுத் திறனில் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை என்பதால், மெல்லிய அலையைப் பெற்று வலுவாக மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை அமைக்க விரும்பும் ஹாம்களுக்கு (அமெச்சூர் வானொலியாளர்களுக்கு) அவை அரிய வாய்ப்பாகும். ஆனால் அந்தப் பெட்டிக்கு வாய் (டிரான்ஸ்மிட்டர்) மட்டுமே உண்டு, காது (ரிசீவர்) கிடையாது. வேலையில் பெரும்பகுதி அந்தக் காதைப் பொருத்துவதில்தான் இருக்கிறது.

உரிமமும் அதிர்வெண் ஒதுக்கீடும் கைக்கு வந்தபின், ஆன்டெனாவுக்குப் பதிலாக முழுத் திறனைத் தாங்கி அதை வெப்பமாக்கிவிடும் டம்மி லோடை இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். 152 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்கிய பெட்டியை 2 மீட்டர் பட்டைக்கு (144 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் ஹாம் பட்டைக்கு) இறக்க, நிரலால் அதிர்வெண்ணை உருவாக்கும் சின்தசைசர் வகையாயின் அதன் நிரலையும், பழைய வகையாயின் கிரிஸ்டலையும் மாற்ற வேண்டும். ஆன்டெனா பக்கமிருந்து திரும்பும் திறனைத் தடுக்கும் ஐசொலேட்டரையும் புதிய அதிர்வெண்ணுக்கு டியூன் செய்ய மறந்துவிடாதீர்கள். அப்படியே விட்டால் அது சூடேறி வெளியீட்டை விழுங்கும். வாட் மீட்டரில் முள் தாழ்ந்திருப்பதைக் கண்டு டிரைவை (பெருக்கிக்குள் செல்லும் திறனை) ஏற்றக் கை பரபரக்கும், ஏற்றக் கூடாது. ஐசொலேட்டர் தானே ஹார்மோனிக்குகளை (அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத அலைகளை) உண்டாக்கும் என்பதால், அதற்குப் பின்னால் அவற்றை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் ஒன்று அவசியம்.

அடுத்தது ஒலி. பேஜர் குறியீடு, பொதுவாக, அலையை ஏறக்குறைய 4.5 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் தள்ளும் வெறும் இரண்டு நிலைகள், குரல் அப்படியல்ல. ரிசீவரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒலியை எடுத்து அந்தக் குறியீடு நுழையும் தரவு உள்ளீட்டில் நேராகக் கொடுத்தால், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகக் கேட்கும், ஏனெனில் அங்கே உயர் ஒலிகளை முன்கூட்டியே தூக்கிவிடும் ப்ரீ-எம்ஃபசிஸ் இல்லை. ரிசீவரில் அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்தே ஒலியை எடுத்துத் தட்டையாகவே அனுப்புவது என் பார்வையில் எளிய வழி. எவ்வழியாயினும், டீவியேஷன் (ஒலி அலையின் அதிர்வெண்ணைத் தள்ளும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாதபடி லிமிட்டரும், அதன்பின் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டும் ஃபில்டரும் வேண்டும்.

இனி ரிசீவர். டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் 250 வாட் என்பது 54 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு), ரிசீவர் கேட்க வேண்டிய 0.25 மைக்ரோவோல்ட் என்பது மைனஸ் 119. இந்த 173 டெசிபல் பள்ளத்தின் இரு கரைகளும், 2 மீட்டரில் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒரே ஆன்டெனாவில் நிற்கின்றன. ஆகவே ஒரே ஆன்டெனாவில் அனுப்பும் அலையையும் பெறும் அலையையும் பிரித்துவைக்கும் நல்ல கேவிட்டி டூப்ளக்ஸரும், இரட்டைக் கவசக் கோஆக்சியல் கேபிளும், ரிசீவருக்குத் தனி உலோகப் பெட்டியும் தேவை. திறனை 100 வாட்டுக்குக் குறைத்துவிடுவது நல்லது. 4 டெசிபல் இழப்பைக் கேட்பவர் பெரிதாக உணரமாட்டார், டூப்ளக்ஸரும் ஃபேனும் இளைப்பாறும்.

ரிப்பீட்டரை இயக்கும் கன்ட்ரோலரில் அழைப்புக்குறி அறிவிப்பும், யாரேனும் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்தியபடி உறங்கிவிட்டால் நிறுத்துவதற்கு நேர வரம்பும் இருக்கட்டும்.

கடைசிச் சோதனையை ஆன்டெனாவை இணைத்தபின் செய்யுங்கள். சிக்னல் ஜெனரேட்டரின் மெல்லிய அலையை அலையின் சிறு பங்கை மட்டும் கடத்தும் கப்ளர் ஒன்றின் வழியாக ரிசீவருக்குச் செலுத்தி, இரைச்சலோடு அரைகுறையாகக் கேட்கும் அளவில் நிறுத்திவிட்டு, டிரான்ஸ்மிட்டரை இயக்கி அணைத்துப் பாருங்கள். இயக்கும்போது இரைச்சல் கூடினால் டூப்ளக்ஸரையும் கேபிள் இணைப்புகளையும் மறுபடி பாருங்கள்.