01-01-1990 என்று அடிக்காதீர்கள்: கேம் மெஷின் வாங்கும் வீடுகளில் நான் பார்க்கும் தவறுகள்

போன மாதம் பெங்களூரு கக்கதாசபுராவில் ஒரு வீட்டுக்கு டிவி மாட்டப் போயிருந்தேன். அதே ஹாலில் வேறு ஒரு கடைப் பையன் புது கேம் கன்சோலைப் பிரித்து செட் பண்ணிக்கொண்டிருந்தான். திரையில் பிறந்த தேதி கேட்டது. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 01-01-1990 என்று அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். கன்ட்ரோலரை எப்போது கையில் கொடுப்பார்கள் என்று சோபா நுனியில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதே தேதியை நானும் எத்தனையோ வீடுகளில் அடித்திருக்கிறேன். எஸ்.பி. ரோட்டில் கேம் மெஷின் ரிப்பேரும் இன்ஸ்டலேஷனுமாக எனக்கு 14 வருடம் ஆகிறது. கேபிளை எங்கே சொருகுவது, ரிமோட்டில் எந்த பட்டன் என்பதெல்லாம் டப்பாவுக்குள் இருக்கும் தாளிலேயே படம் போட்டிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லித் தராமல் நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவை மட்டும் இங்கே.

அட்டையில் இருக்கும் எண்ணைத் தப்பாகப் படிப்பது

சினிமாவுக்கு சென்சார் போர்டு இருக்கிறது. 2024 நவம்பர் முதல் யு/ஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். கேம்களுக்கு அவர்கள் சான்றிதழ் தருவதில்லை. நம் ஊர்க் கடையில் டிஸ்க் அட்டையில் நீங்கள் பார்க்கும் வயது முத்திரை வெளிநாட்டுடையது. 3, 7, 12, 16, 18 என்று எண் இருந்தால் அது ஐரோப்பாவின் பெகி; 2003ல் ஆரம்பித்தது. ஆங்கில எழுத்து இருந்தால் அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி.; 1994ல் ஆரம்பித்தது. அதில் ஈ என்றால் எல்லோருக்கும், டீ என்றால் 13 வயதுக்கு மேல், எம் என்றால் 17க்கு மேல்.

ஈ என்றால் ஈஸி, எம் என்றால் மல்டிபிளேயர் என்று நினைத்து வாங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். அதைவிட அதிகம் பேர் அந்த எண்ணைத் திறமைக்குப் போட்ட மார்க் என்று நினைக்கிறார்கள். ஜி.டி.ஏ. 5க்கு பெகி கொடுத்திருப்பது 18. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அப்பா என்னிடம், “பன்னிரண்டு வயசுதான் சார், ஆனா பதினெட்டு போட்டதையே முடிச்சிடுவான்” என்று பெருமையாகச் சொன்னார். அந்த கேமில் ஒரு ஆளைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் காட்சி வரும், கன்ட்ரோலர் பிடித்திருப்பவர்தான் அதைச் செய்ய வேண்டும் என்று சொன்னேன். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். செஸ் கேமுக்கு 3 என்று போட்டிருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தை செஸ் ஆடிவிடுமா? அந்தக் குழந்தை பார்த்தாலும் கெடுதல் இல்லை என்பது மட்டும்தான் அந்த 3க்கு அர்த்தம்.

போனில் இறக்கும் கேம்களுக்கு ப்ளே ஸ்டோரில் காட்டும் 3+, 7+, 12+ வேறு கதை. 2015லிருந்து, கேமை உருவாக்கியவரே ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறார். அந்தப் பதில்களை வைத்து எண் வருகிறது. டிஸ்க் கேமுக்குத் தரும் நம்பிக்கையை நான் இதற்குத் தருவதில்லை. போனில் எதை இறக்கினாலும் முதல் அரை மணி நேரம் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள்.

எண் சின்னதாக இருந்தால் பர்ஸுக்கும் ஆபத்தில்லை என்று நினைப்பது

ஈ.ஏ. கம்பெனியின் கால்பந்து கேமான எஃப்.சி. 24க்கு பெகி கொடுத்தது 3. ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, சரிதான். ஆனால் உள்ளே பணம் கொடுத்து பாக்கெட் வாங்கலாம்; எந்த வீரர் வருவார் என்பது பிரித்தால்தான் தெரியும். இந்த மாதிரி பாக்கெட்டுகளை பெல்ஜியம் 2018லேயே சூதாட்டம் என்றது. ஜெர்மனியின் அமைப்பு எஃப்.சி. 24க்கு 12 வயது போட்டது. ஒரே கேமுக்கு ஒரு நாட்டில் 3, இன்னொரு நாட்டில் 12.

அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். ‘இன்-கேம் பர்ச்சேஸ்’ என்று இருந்தால் உள்ளே பணம் கேட்கும். ‘ரேண்டம் ஐட்டம்ஸ்’ என்று சேர்த்துப் போட்டிருந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கேட்கும். 2025ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் தடை செய்தது. கேமுக்குள் துப்பாக்கிக்குத் தங்க நிறம் வாங்கினால் அது வந்து காப்பாற்றாது.

பிறந்த தேதியைப் பொய்யாகப் போடுவது

இதை மட்டும் என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முதலில், எங்கள் ஆட்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். சரியான வயதைப் போட்டால் மெஷின் உடனே பெரியவர் ஒருவரின் கணக்கைக் கேட்கும். அம்மாவின் மெயில் ஐடி வேண்டும், அதன் பாஸ்வேர்டு அவருக்கு ஞாபகம் இருக்காது, அதை மாற்ற வேண்டும், அப்புறம் சம்மதம் கொடுக்க வேண்டும். இருபது நிமிடம் கூடுதலாகும். அடுத்த வீடு ஒயிட்ஃபீல்டில் இருக்கும், அங்கிருந்து போன்மேல் போன். இந்தப் பக்கம் வீட்டுக்காரர் “பேக மாடி சார்”, சீக்கிரம் முடிங்க என்பார். 1990 என்று அடித்தால் ஒரே நிமிடத்தில் கேம் ஓடும், பையன் சிரிப்பான், எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த ஒரு தேதியால் மெஷின் எதிரே உட்கார்ந்திருப்பவரை முப்பது வயது தாண்டிய ஆளாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டோரில் 18 போட்ட கேம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். செலவுக்கு வரம்பு கிடையாது. முன்பின் தெரியாதவர்களோடு மைக்கில் பேசலாம். அட்டையில் அச்சடித்த எண்ணைப் பார்த்து மெஷின் ஒரு கேமைத் தடுக்க வேண்டும் என்றால், ஆடுவது யார் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த தேதி பொய்யானால் அந்த எண் வெறும் மை.

2021ல் அல்சூரில் இருக்கும் என் அக்கா வீட்டில் நானே மெஷின் செட் பண்ணினேன். அக்கா பையனுக்கு அப்போது பத்து வயது. சொந்த வீடு, அவசரம் எதுவும் இல்லை. பழக்க தோஷத்தில் கை அதுவாகவே 1990 என்று அடித்தது. முதல் கேம் வாங்க அக்காவின் கார்டைப் போட்டோம். அதை எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அக்கா போன் பண்ணினாள். “டேய், கார்டு பில்லுல என்னென்னமோ வந்திருக்கு, வந்து பாரு” என்றாள். 449, 899, 449, 1,799 என்று சின்னச் சின்னதாக இரண்டு பக்கம். கூட்டினால் 23,000க்கு மேல். ஓடிபி இல்லாமல் எப்படிப் போகும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஓடிபி வந்தது அவள் போனுக்குத்தான். அவள் சமையல்கட்டில் இருக்கும்போது போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் இருக்கும். பையன் ஸ்டூலைப் போட்டு ஏறி, எண்ணைப் பார்த்து, எஸ்.எம்.எஸ்ஸை அழித்துவிட்டு, போனை அதே இடத்தில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். ஓடிபி என்பது வேறு ஆள் திருடாமல் இருக்க வைத்த பூட்டு. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு தடையே இல்லை.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்செட்டில் யாருடனோ ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தான். “யாரு தம்பி?” என்றேன். “ஃப்ரெண்டு மாமா, டெய்லி வருவான்” என்றான். ஹெட்செட்டை வாங்கி என் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் குரல் உடைந்து பல வருடம் ஆன ஒரு ஆண். ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வரும், எந்த இடத்தில் ஏறுவாய் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் “யாருங்க?” என்றதும் லைன் கட்டாகிவிட்டது.

அந்த ஆளைத் தடை செய்தோம், புகார் பட்டனை அழுத்தினோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த கேமின் அட்டையில் இருந்த எண் சரியானதுதான். மற்றவர்கள் ஆன்லைனில் பேசுவதற்குத் தாங்கள் வயது மதிப்பிடுவதில்லை என்று ஈ.எஸ்.ஆர்.பி. தெளிவாகவே எழுதுகிறது. அதை மூடும் கதவு குழந்தைக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கதவைக் கழற்றி வைத்தது நான்.

சரி, திருத்தலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த நஷ்டம். பெரியவர் என்று திறந்த கணக்கை அந்த மெஷினில் குழந்தைக் கணக்காக மாற்ற வழியில்லை. புதிதாகத்தான் திறக்க வேண்டும். பையன் ஒரு தீவு முழுக்க வீடு கட்டி, வாய்க்கால் வெட்டி, விளக்கு வைத்திருந்தான். எல்லாம் பழைய கணக்கின் சேமிப்பில். புதுக் கணக்குக்கு ஒன்றும் வரவில்லை. தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. முதல் நாளே சரியாகப் போட்டிருந்தால் அவனுக்கு இழக்க ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது நான் செய்வது இதுதான். கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுகிறேன்: குழந்தையின் உண்மையான பிறந்த தேதி, அம்மா அல்லது அப்பாவின் வேலை செய்யும் மெயில் ஐடி, அதன் பாஸ்வேர்டு தெரியுமா இல்லையா. போனதும் முதலில் பெற்றோர் கணக்கு, அதன் கீழே குழந்தைக் கணக்கு. கேம்களைப் பெற்றோர் கணக்கில் வாங்கச் சொல்கிறேன். ப்ளேஸ்டேஷனில் ‘கன்சோல் ஷேரிங்’ போட்டுவிட்டால் அதே டிஜிட்டல் கேமைக் குழந்தையின் கணக்கிலும் ஆடலாம், இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டாம். பேங்க் கார்டு போடவே வேண்டாம். வேண்டிய தொகைக்கு வாலட் கார்டு வாங்கி ஏற்றினால் அதற்கு மேல் ஒரு பைசா போகாது. வெளிநாட்டு வியாபாரிகள் சிலரிடம் ஓடிபியே கேட்காமல் பணம் போகும். அதற்கு பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். 2020லிருந்து டெபிட், கிரெடிட் கார்டுகளுக்கு அந்த ஸ்விட்ச் இருக்கிறது.

இன்னும் ஒரு ஓட்டை. ப்ளேஸ்டேஷனில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்குக் கம்பெனி போட்டு அனுப்பும் பாஸ்கோட் 0000. அதை மாற்றாமல் விட்டால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாற்றிவிட்டு, புதுப் பயனர் சேர்ப்பதையும் கெஸ்ட் லாகினையும் தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பையன் தானே இன்னொரு கணக்கு திறந்துகொள்வான், அதில் எந்த வருடம் போடுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போனும் டேப்லெட்டும் இதே மாதிரிதான். கூகுளில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர்தான் கணக்கு திறக்க வேண்டும். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பொய் வருடம் போட்ட பிள்ளைக்கு அதுவும் கிடைக்காது. “என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். என் அக்கா பையனும் நல்ல பிள்ளைதான். ஸ்டூல் போட்டு ஏறியதும் அவன்தான்.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த மெஷின்

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். ப்ளேஸ்டேஷன் 5 மெஷின் 100லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், ப்ளக் மட்டும் மாற்றினால் போதும். தப்பு நடப்பது கணக்கில். சித்தப்பா அங்கேயே அமெரிக்கக் கணக்கு திறந்து கொடுத்துவிடுவார். ப்ளேஸ்டேஷன் கணக்கில் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. இங்கே வாங்கிய ரூபாய் வாலட் கார்டு அதில் ஏறாது. டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும், ஆனால் அதற்கு மேல் வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கின் நாட்டோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே ஆடப்போகிறவருக்கு இந்தியக் கணக்கு திறங்கள், முதல் நாளே.

நின்டெண்டோ ஸ்விட்ச் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கம்பெனி அதை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவில்லை. வாரண்டி என்பது கடைக்காரர் வாய்வார்த்தைதான். எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி போட்ட டிவி ஷெல்ஃப்

மெஷினை உள்ளே வைத்துக் கதவை மூடாதீர்கள்.

மோட் பண்ணிய (திருட்டு கேம் ஓட மாற்றிய) மெஷின்

வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் கடையிலேயே சோதிக்காமல் வருவது

ஒரு டிஸ்க் போட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஆன்லைனில் உள்ளே போகிறதா பாருங்கள். கம்பெனி தடை செய்த மெஷினும் கடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பழையவரின் கணக்கை அவர் எதிரிலேயே நீக்கி, முழுசாக ரீசெட் செய்தபின் பணம் கொடுங்கள்.

ஒரு தடவை பூட்டிவிட்டு மறந்துபோவது

பத்து வயதில் போட்ட பூட்டு பதினான்கு வயதில் பிள்ளைக்குச் சிறை மாதிரி இருக்கும். அப்போதுதான் பிள்ளைகள் திருட்டுத்தனமாக வேறு கணக்கு திறப்பார்கள். அக்கா வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டியபின் நானும் அக்காவும் பையனும் உட்கார்ந்து பெற்றோர் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறக்கிறோம். 14 முடிந்தபோது அவன் மைக் வேண்டும் என்று கேட்டான். யாரோடு என்றேன். கூடப் படிக்கும் மூன்று பேரின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினான். அக்கா மூன்று வீட்டுக்கும் போன் போட்டுப் பேசினாள். நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் குரலைத் திறந்தோம். யாரைச் சேர்க்கலாம் என்பதை இன்னும் அக்காதான் தன் போனில் பார்த்துச் சரி சொல்கிறாள்.