நார்மலா சிசேரியனானு குழம்பறப்போ நாம பண்ற தப்புகள்

வளைகாப்புல வளையல் போட வர்ற ஒவ்வொருத்தரும் காதுல ஏதாவது ஒண்ணு ஓதிட்டு தான் போவாங்க. பெரியம்மா வந்து "நார்மலுக்கு பாருடி, வயித்தை கிழிச்சுட்டா காலத்துக்கும் இடுப்பு வலி தான்"னு சொல்லுவாங்க, அவங்க பின்னாடியே வர்ற சித்தி பொண்ணு "எதுக்குக்கா அந்த வலியெல்லாம், நான் தேதி குறிச்சு போனேன், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது"னு சொல்லுவா. எனக்கு ரெண்டு புள்ளைங்க, மொதல்ல பையன், அவன் ஆபரேஷன். ரெண்டாவதுக்கு நார்மல் ட்ரை பண்ணி, பதினாலு மணி நேரம் வலி பட்டு, கடைசில அதுவும் ஆபரேஷன். அதனால நான் எந்த கட்சியும் இல்ல, ரெண்டு பக்கமும் அடி வாங்கினவ, அந்த தைரியத்துல தான் எழுதறேன்.

மொத தப்பே, புடவைக் கடையில கலர் பாக்கற மாதிரி எட்டாம் மாசத்துலயே "எனக்கு இது தான் வேணும்"னு முடிவு பண்றது. நஞ்சு கீழ எறங்கி கர்ப்பப்பை வாயை மூடிட்டு இருந்தா, குழந்தை கடைசி வரைக்கும் குறுக்கால படுத்திருந்தா, அதெல்லாம் முன்னாடியே தேதி வச்சு பண்ண வேண்டிய சிசேரியன், யோசிக்க ஒண்ணுமில்ல. வலி வந்தப்புறம் குழந்தையோட ஹார்ட் பீட் விழுது, கொடி மொதல்ல வெளிய வந்துருச்சுன்னா அங்கயும் நமக்கு சாய்ஸ் கிடையாது, ஓட வேண்டியது தான். இது ரெண்டும் போக நடுவுல இருக்கே ஒரு பெரிய கூட்டம், அங்க தான் நாம ஏமாறறதும் குழம்பறதும்.

சிசேரியன் எவ்ளோ நடக்குதுன்னு பாருங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன், பிரைவேட் ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்தா 63.8, கவர்மெண்டுல 36. மொத்த இந்தியாவுக்கு 21.5 தான். 10 சதவீதத்துக்கு மேல போறதால தாய் சேய் சாவு குறையறதா தெரியலன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல சொல்லிருக்கு. ஆனா இதை போன்ல காமிச்சு டாக்டர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, அந்த 10 சதவீதம் மொத்த ஊருக்கான கணக்கு, உங்க வயித்துக்கான கணக்கு இல்ல. உங்களுக்கு ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு எந்த சதவீதமும் சொல்லாது.

சரி, அடுத்தது நல்ல நேரம். இதுல தான் எனக்கு கோவம் வரும். சித்திரையில புள்ள பொறந்தா அப்பனுக்கு ஆகாதுனு பங்குனி கடைசியிலயே எடுத்துடறது, கேட்டை மூலம் வேணாம்னு ரெண்டு நாள் முன்னாடி தள்றது, ஜோசியர் எழுதிக் குடுத்த சீட்டை கொண்டு போய் நர்ஸ் கையில குடுக்கறது, இதெல்லாம் நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். சாமி நம்பிக்கையை நான் குறை சொல்லல, மருத்துவ காரணத்துக்கே சிசேரியன்னு முடிவாகி, 39 வாரமும் முடிஞ்சு, எந்த நாள் வேணா வச்சுக்கலாம்னு டாக்டரே சொன்னா நல்ல நாளா பாத்துக்கோங்க, யாரு வேணாங்கறா. பிரச்சனை எங்கன்னா, நாள் நல்லாருக்குனு 37 வாரத்துல எடுக்கறது. வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் குழந்தையோட நுரையீரல் பூரா தண்ணி மாதிரி ஒண்ணு நெறஞ்சிருக்கும், வலி வர்றப்போ தான் உடம்பு அதை இழுத்துக்க ஆரம்பிக்கும். வலியே வராம, 39 வாரமும் ஆகாம வெளிய எடுத்தா சில குழந்தைக்கு மூச்சு வாங்கும், ஒண்ணு ரெண்டு நாள் ஐசியூல வைக்க வேண்டி வரும். முகூர்த்தத்துல பொறந்த புள்ளைய கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறதுல என்ன சந்தோஷம் சொல்லுங்க. இதோட ஒட்டின இன்னொரு தப்பு, டேட் கணக்கு. மொத மூணு மாசத்துல எடுத்த ஸ்கேன் சொல்ற தேதி தான் ரொம்ப சரியா இருக்கும், ஒம்பதாம் மாச ஸ்கேன் ரெண்டு மூணு வாரம் கூட முன்ன பின்ன காட்டும், அதைப் பாத்து டேட் தாண்டிருச்சுனு பதறாதீங்க. அந்த மொத ஸ்கேன் ரிப்போர்ட்டை பத்திரமா வைங்க.

அடுத்து, காரணம் கேக்காம தலையாட்டறது. என் முதல் பிரசவத்துல "கொடி சுத்தி இருக்கும்மா"னு சொன்னாங்க, நாங்க எல்லாரும் அழுதுட்டோம், மாலை சுத்தி பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுனு வேற அம்மா என் தம்பிக்காக தனியா அழுதாங்க. ஏன், எதுக்குனு ஒரு கேள்வி கேக்கல. அப்புறமா தான் தெரிஞ்சுது, நாலு அஞ்சு குழந்தையில ஒண்ணுக்கு கொடி கழுத்துல சுத்தி தான் இருக்கும், பெரும்பாலும் நார்மலாவே பொறந்துடும், தலை வெளிய வந்ததும் கையாலயே எடுத்து விட்டுடுவாங்க. அதை மட்டும் வச்சு ஆபரேஷன் தேவையில்ல, ஹார்ட் பீட் மாறுனா தான். அதே மாதிரி "இடுப்பு எலும்பு பத்தாது"னு வலியே வராம சொல்றது. தலை எறங்குமா எறங்காதாங்கறது பெரும்பாலும் வலி வந்து பாத்தா தான் தெரியும், ஆள் குள்ளமா இருக்கறதை வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. "குழந்தை பெருசு"ன்னா, ஸ்கேன்ல காட்டற வெயிட்டு 10, 15 சதவீதம் ஏறக்குறைய இருக்கலாம், 3.6 கிலோனு சொல்லி 3.1ல பொறந்த புள்ளைங்க எத்தனையோ. ஆனா உங்களுக்கு சுகர் இருந்து குழந்தையும் பெருசுன்னா அது வேற கதை, அப்ப டாக்டர் சொல்றதுல நியாயம் இருக்கு. பனிக்குடத் தண்ணி கம்மின்னா எவ்ளோ கம்மி, குழந்தை அசைவு எப்படி இருக்கு, ரத்த ஓட்டம் எப்படினு கேளுங்க, சில சமயம் வலி வர வைக்க மருந்து குடுத்து நார்மலுக்கே பாக்கலாம். தலை மேல இருக்குன்னா 36, 37 வாரத்துல வயித்து மேலயே கைய வச்சு குழந்தைய திருப்பி விடற முறை ஒண்ணு இருக்கு, ஏறக்குறைய பாதி பேருக்கு திரும்பிடும், அது பண்ணத் தெரிஞ்ச டாக்டரா பாக்கணும்.

"வலி முன்னேறல"ங்கறது இன்னொண்ணு. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கர்ப்பப்பை வாய் திறக்கணும்னு ஒரு பழைய கணக்கு, அது எல்லாருக்கும் பொருந்தாது, நல்ல வலினு சொல்றதே அஞ்சு சென்டிமீட்டர்லேர்ந்து தான் ஆரம்பம்னு 2018லயே உலக சுகாதார நிறுவனம் மாத்திருச்சு. தாயும் சேயும் நல்லா இருந்தா ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல நிக்கறதை வச்சு அவசரப்பட தேவையில்ல. ஆனா இதுல தப்பு நம்ம மேலயும் இருக்கு, லேசா இடுப்பு பிடிச்சாலே பைய தூக்கிட்டு போய் அட்மிட் ஆயிடறோம், அங்க போய் படுத்தே கெடந்தா ஊசி, டிரிப்ஸ்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்து கடைசில தியேட்டர்ல போய் முடியும். முதல் பிரசவம், வேற எந்த சிக்கலும் இல்லன்னா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் நிக்கற மாதிரி வலி, அது ஒரு மணி நேரமா விடாம வந்தா கெளம்பலாம், அது வரைக்கும் வீட்டுல நடங்க, சாப்பிடுங்க. பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைஞ்சாலோ, தாங்க முடியாத தலைவலி வந்து கண்ணு மங்குனாலோ இந்த கணக்கெல்லாம் பாக்காம உடனே ஓடுங்க.

குங்குமப்பூ, நெய், விளக்கெண்ணெய் பத்தி நான் என்னத்த சொல்ல. விளக்கெண்ணெய் குடிச்சா பேதி ஆகும், லேபர் வார்டுல பாத்ரூமுக்கு ஓடிட்டு இருப்பீங்க. வீட்டை குனிஞ்சு தொடைச்சா நார்மல் கேரண்டினு எந்த மாமியார் சொன்னாலும் நம்பாதீங்க, நடக்கறது உடம்புக்கு நல்லது, அவ்ளோ தான். நிஜமாவே உதவறது என்னன்னா வலி நேரத்துல பக்கத்துல நம்ம ஆள் ஒருத்தர் கூடவே இருக்கறது, அப்படி இருந்தா சிசேரியன் குறையறதா ஆராய்ச்சியிலயே இருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில துணைக்கு ஒரு பொம்பளைய உள்ள விடற வழக்கம் இருக்கு, நிறைய பேர் கேக்கறதே இல்ல.

வலிக்கு பயந்து சிசேரியன் கேக்கறவங்களை திட்டறதும் தப்பு தான். பயம் பொய் இல்லையே. ஆனா அதுக்கு முன்னாடி வலி தெரியாம இருக்க முதுகுல போடற எபிடூரல் பத்தி கேட்டீங்களா? அது போட்டா சிசேரியன் ஆயிடும்னு சொல்றது பொய்யினு ஆராய்ச்சிலயே வந்தாச்சு. முதுகுல ஊசி போட்டதால தான் எனக்கு பத்து வருஷமா முதுகு வலினு சொல்றாங்களே, அதுவும் ஊசி பண்ற வேலை இல்ல, மாசமா இருக்கறப்போ உடம்பு மாறுனது, அப்புறம் ராத்திரி பகலா குனிஞ்சு உக்காந்து பால் குடுத்தது, புள்ளைய தூக்குனது, இதெல்லாம் தான். நார்மல் ஆனவங்களுக்கும் முதுகு வலிக்குது, கேட்டுப் பாருங்க.

சிசேரியனோட விலை இப்ப தெரியாது, அடுத்த புள்ளைக்கு தான் தெரியும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும், அடுத்த தடவை நஞ்சு பழைய தழும்பு மேல போய் ஒட்டி உள்ள வேர் விடற ஆபத்து ஏறிட்டே போகும், அது ரத்தம் நிக்காத கேஸ், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். ஒண்ணே போதும்னு நினைக்கறவங்களுக்கும் மூணு வேணும்னு நினைக்கறவங்களுக்கும் இந்த கணக்கு ஒண்ணு இல்ல, எத்தனை புள்ள வேணும்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன் தான்னு நினைக்கறதும் தப்பு. சரியான ஆளுக்கு ட்ரை பண்ணா நூத்துக்கு 60லேர்ந்து 80 பேருக்கு நார்மல் ஆகுது, பழைய தையல் பிரியற ஆபத்து ஏறக்குறைய 200ல ஒருத்தருக்கு. இதுக்கு முக்கியமான விஷயம், தோல் மேல இருக்கற தழும்பு குறுக்கால இருந்தா உள்ளயும் குறுக்கால தான் வெட்டிருப்பாங்கனு நினைச்சுக்காதீங்க. உள்ள கர்ப்பப்பையை நெட்டுக்கு வெட்டிருந்தா நார்மல் ட்ரை பண்ணவே கூடாது. அது டிஸ்சார்ஜ் சம்மரில தான் இருக்கும், நான் அதை தொலைச்சுட்டு ரெண்டாவது தடவை பழைய ஆஸ்பத்திரிக்கு மூணு நடை நடந்தேன். ரெண்டு பிரசவத்துக்கும் நடுவுல ஒன்றரை வருஷமாவது இடைவெளி இருக்கணும். ராத்திரி ரெண்டு மணினாலும் மயக்க டாக்டரும் ரத்தமும் தயாரா இருக்கற எடமா பாக்கணும், சின்ன கிளினிக்ல இந்த வேலை வேணாம்.

சிசேரியனுக்கு பயந்து எதிர் பக்கம் ஓடறவங்களும் இருக்காங்க. 2018ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்டுலயே பிரசவம் பாக்கப் போய் ரத்தம் நிக்காம ஒரு பொண்ணு செத்துப் போனது ஞாபகம் இருக்கும். அந்த அளவுக்கு போகலனாலும், டாக்டர் இப்ப எடுக்கணும்னு சொல்றப்போ வெளிய நின்னுட்டு "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாமே"னு இழுக்கறது அதே தப்போட சின்ன சைஸ் தான்.

என் ரெண்டாவது பிரசவத்துல எட்டு சென்டிமீட்டர் வரைக்கும் வந்தாச்சு, அப்ப தான் ஹார்ட் பீட் விழ ஆரம்பிச்சுது. அன்னிக்கு புதன்கிழமை, பன்னண்டே கால் மணி. கையெழுத்து வாங்க நர்ஸ் வெளிய போனா, என் மாமியார் "ஒன்றரை வரைக்கும் ராகு காலம், அது முடியட்டுமே"னு சொல்ல, வீட்டுக்காரர் அம்மா மூஞ்சியையும் பேப்பரையும் மாத்தி மாத்தி பாத்துட்டு நிக்கறார். பதினெட்டு வயசு ஆன, சுயநினைவோட இருக்கற பொம்பளை தன் ஆபரேஷனுக்கு தானே கையெழுத்து போடலாம், புருஷன் கையெழுத்து தான் வேணும்னு சட்டம் எதுவும் இல்ல, இதை அதுக்கு முந்தின மாசம் தான் தெரிஞ்சு வச்சிருந்தேன். பேப்பரை உள்ள கொண்டு வரச் சொல்லி, வலியோட வலியா கோணல் மாணலா ஒரு கையெழுத்து போட்டேன். பன்னண்டு அம்பதுக்கு பொறந்தா, 3.1 கிலோ. இப்ப யூகேஜி படிக்கறா, பாட்டியோட செல்லம், ஜாதகத்தை மட்டும் அவங்க இன்னும் யார்கிட்டயும் காமிக்கறதில்ல.